ஒரு பிக்சல் கண்

மூன்று மாதத்தில் ஆறு மென்பொருட்களை நிறுவியிருந்தேன். ஒரு படம்கூட வரைந்திருக்கவில்லை.

பிக்சல் ஓவியம் கற்றுக்கொள்வது என்று போன வருடம் ஜனவரியில் முடிவு செய்தேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வொரு கட்டமாக நிறம் நிரப்பினால் எப்படியிருக்குமோ, அப்படித் திரையில் வரைவது. பழைய வீடியோ கேம்களின் படங்கள் எல்லாம் அந்த வகை. என் வயதுக்காரர்களுக்கு நோக்கியா 3310 நினைவிருக்கும். அதன் திரை மொத்தமே 84×48 புள்ளிகள்தான். அதற்குள் பாம்பு ஓடியது, இரை தின்று வளர்ந்தது, தன் வாலைத் தானே கடித்துச் செத்தது. அப்பாவின் போனை ஒளித்துவைத்து விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். அவ்வளவு சின்ன இடத்தில் அது பாம்பு என்று நம்ப வைத்தது எது என்ற கேள்வி எனக்குள் எங்கோ கிடந்திருக்க வேண்டும்.

(இந்த இடத்தில் கோலத்தை இழுப்பேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். புள்ளிக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிக்கொண்டு போகும். இங்கே புள்ளியேதான் படம்.)

நான் கடைசியாக வரைந்தது எட்டாம் வகுப்பில். வேலையில் இப்போது எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். அடுத்தவர்கள் எழுதிய நிரலைப் படித்துக் குறை சொல்வது என் அன்றாட வேலைகளில் ஒன்று. நான் ஒரு விஷயத்தை மோசமாகச் செய்வதை யாரும் பார்த்துப் பல வருடங்கள் ஆகின்றன. இது பெருமை இல்லை; தெரியாத எதையும் நான் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு எக்செல் ஷீட் திறந்தேன். இந்த வரியை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. விலை, லைசென்ஸ், லினக்ஸில் ஓடுமா, அனிமேஷன் வசதி உண்டா, நிறங்களை இத்தனைதான் என்று பூட்டிவைக்க முடியுமா என்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, கடைசியில் மொத்த மதிப்பெண். அலுவலகத்தில் டேட்டாபேஸ் தேர்ந்தெடுக்கும்போது செய்வதை அப்படியே செய்தேன்.

முதல் வரிசையில் கிம்ப். ஏற்கெனவே கணினியில் இருந்தது, இலவசம். திறந்து ஒரு கோடு இழுத்தேன். ஓரமெல்லாம் புகை மாதிரி மங்கலாக வந்தது. நான் எடுத்தது பிரஷ். விளிம்பு மென்மையாகத் தெரிவதற்காக அரைகுறை நிறப் புள்ளிகளை அது தானாகவே இரண்டு பக்கமும் சேர்த்துவிடும். போட்டோவுக்கு அது வசதி, கட்டத்துக்குள் வரைபவனுக்குத் தொல்லை. பென்சில் என்று இன்னொரு கருவி அதிலேயே இருக்கிறது. அது வைத்த இடத்தில், வைத்த நிறத்தை மட்டும் வைக்கும். அதைக் கண்டுபிடிக்காமலேயே ‘கிம்ப் பிக்சலுக்கு ஆகாது’ என்று எழுதி 10-க்கு 4 மதிப்பெண் போட்டேன்.

பிஸ்கெல் பிரவுசரிலேயே ஓடியது, நிறுவக்கூட வேண்டாம்; அவ்வளவு சுலபமாக இருந்ததாலேயே அதன் மேல் எனக்கு மரியாதை வரவில்லை. பிக்ஸலோராமா கோடோ என்ற கேம் எஞ்சினிலேயே செய்யப்பட்டது என்று படித்துவிட்டு அதன் மூல நிரலை இரண்டு நாள் மேய்ந்தேன். கிராஃப்எக்ஸ்2 என்பதைத் திறந்தபோது 1985-ல் அமிகா கணினிக்கு வந்த டீலக்ஸ் பெயின்ட்டின் வம்சம் என்று தெரிந்தது. உடனே டீலக்ஸ் பெயின்ட்டின் வரலாற்றுக்குள் போய்விட்டேன். ஒரு வாரம் நன்றாகப் போனது.

கடைசியில் ஏஸ்ப்ரைட். பிக்சல் ஓவியர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். இதற்கு ஒரு விசித்திரமான கதை உண்டு. 2016 வரை இது ஜிபிஎல் உரிமத்தில் வந்த சுதந்திர மென்பொருள். பிறகு உரிமத்தை மாற்றினார்கள். விலை கொடுத்தால் தயாராக நிறுவிக்கொள்ளலாம். மூல நிரல் இன்றும் திறந்தே இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு நீங்களே கம்பைல் செய்துகொள்ளலாம், அடுத்தவருக்கு விநியோகிக்கத்தான் கூடாது. பழைய உரிமத்தில் கிடைத்த கடைசி நிரலிலிருந்து சிலர் கிளை பிரித்து லிப்ரேஸ்ப்ரைட் என்று நடத்துகிறார்கள். (அதையும் நிறுவினேன். அது ஐந்தாவது.)

விலை சுமார் 20 டாலர். என்னிடம் இல்லாத பணம் இல்லை. ஆனாலும் மென்பொருள்காரனிடம் ‘நீயே கம்பைல் செய்துகொள்ளலாம்’ என்று சொல்வது, சும்மா போகிறவனைச் சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி. ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். சிமேக் வேண்டும், நிஞ்சா வேண்டும், ஸ்கியா என்ற வரைகலை நூலகம் வேண்டும், அதுவும் அவர்கள் சொல்லும் பதிப்பே வேண்டும். மதியம் சாப்பிடும்போது பதினோராவது எரர். மாலை ஆறரைக்குக் கம்பைல் ஆகி, ஜன்னல் திறந்தது. கை தட்டியிருப்பேன் போல. சத்தம் கேட்டு மனைவி வந்து பார்த்தாள்.

“முடிஞ்சுதா? என்ன வரைஞ்ச?”

திரையில் 32×32 அளவில் ஒரு வெற்றுச் சதுரம் இருந்தது.

“அதான் இப்ப வரையப் போறேன்.”

“இதுக்கு அந்தக் காசைக் குடுத்திருந்தா காலைலயே வரைஞ்சிருக்கலாமே” என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அன்றும் நான் வரையவில்லை.

ஆப்பிள் மெக்கின்டாஷின் முதல் ஐகான்களை வரைந்தவர் சூசன் கேர். 1983 தொடக்கத்தில் அவர் அந்தக் குழுவில் சேர்ந்தபோது கணினியில் வரைந்த அனுபவம் அவருக்குக் கிடையாது. ஐகான் வரைய மென்பொருளும் தயாராக இல்லை. அவருடைய பள்ளி நண்பரும் அந்தக் குழுவின் நிரலாளருமான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட், கிடைப்பதிலேயே சின்னக் கட்டம் போட்ட கிராஃப் நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். 32-க்கு 32 கட்டத்தைக் குறித்துக்கொண்டு, வேண்டிய கட்டங்களை நிரப்பிப் பார்த்தார் கேர். மொசைக்கும் ஊசித்தையலும் தெரிந்தவருக்கு இது புதிதாக இல்லை. ஸ்டார்ட்யூ வேலி விளையாட்டை நாலரை வருடம் தனியாளாகச் செய்து 2016-ல் வெளியிட்ட எரிக் பரோன், அதன் படங்களை வரைந்தது பெயின்ட்.நெட் என்ற இலவச மென்பொருளில். என் ஷீட்டில் அதற்கு வரிசையே கிடையாது. லினக்ஸில் ஓடாது என்று முதலிலேயே கழித்துக் கட்டியிருந்தேன். அதில் பாத்திரங்களின் முகங்களை அவர் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். ஆரம்ப முகங்களைக் கடைசி முகங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதலாவது நானே வரையக்கூடிய அளவுக்கு இருக்கும். அதுதான் என்னைக் கொஞ்சம் அசைத்தது.

இப்போது யாராவது எந்த மென்பொருள் என்று கேட்டால், இருப்பதைத் திற என்றுதான் சொல்வேன். ஓரம் மங்காத பென்சில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். விண்டோஸ் பெயின்ட்டில்கூட அது உண்டு. அசையும் படம் வேண்டுமென்றால் ஆனியன் ஸ்கின் தேவைப்படும். முந்தைய சட்டகத்தின் படம் மங்கலாக அடியில் தெரியும், வெங்காயத் தோலுக்குள் பார்ப்பது மாதிரி. அதெல்லாம் வேண்டும் என்று கை கேட்கும்போது தேடிக்கொள்ளலாம். என் கை அதுவரை எதையும் கேட்டிருக்கவில்லை.

ஆரம்பப் பாடங்கள் எல்லாம் வாள் வரை, காளான் வரை, மருந்துக் குப்பி வரை என்றுதான் தொடங்கும். எனக்கு வாளோடு எந்தப் பழக்கமும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிற்கும் இடம் அலுவலகத்துக்கு எதிர்ப்புற டீக்கடை. மாஸ்டர் டீ ஆத்துவதை வரைவது என்று முடிவு செய்தேன்.

“அண்ணே, நீங்க ஆத்துறத ஒரு வீடியோ எடுத்துக்கவா?”

“எதுக்கு தம்பி, யூடியூப்லயா போடப்போற?”

“இல்லண்ணே, படம் வரையணும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைகளை மட்டும் கிட்டத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்துக்கொண்டேன்.

32×32 போதவில்லை. மேலே தூக்கிய கைக்கும் கீழே நிற்கும் கிளாஸுக்கும் நடுவில் டீ விழ இடம் வேண்டும். 32×48 ஆக்கினேன். நிறங்களுக்கு பிகோ-8 என்ற கற்பனைக் கணினியின் பட்டியலை எடுத்துக்கொண்டேன், மொத்தம் 16. அதில் மனிதத் தோலுக்கு ஆகக்கூடியது இரண்டுதான்: வெளிர் பீச் ஒன்று, பழுப்பு ஒன்று. மாஸ்டருக்குப் பழுப்பு. சரி, டீக்கு? அதற்கும் பழுப்பைத்தான் கை எடுத்தது. வரைந்து பார்த்தால் டீ எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முழங்கையிலிருந்து இன்னொரு கை முளைத்துத் தொங்கியது. இரண்டு நாள் திண்டாடிவிட்டு அந்த வெளிர் பீச்சை எடுத்து டீக்குக் கொடுத்தேன். நுரை கட்டிய பால் டீ உடனே விழ ஆரம்பித்தது. தோலுக்கு என்று எவரோ வைத்த நிறம் எங்கள் ஊரில் டீயாகிவிட்டது.

டீயின் வளைவுக்கு ஒரு வாரம் போனது. பிக்சலில் வளைவு என்று ஒன்று கிடையாது, படிக்கட்டுதான் உண்டு. படிகளின் உயரம் சீராக மாறினால் கண் அதை வளைவு என்று நம்பிக்கொள்ளும். மக்கின் விளிம்பை விட்டு வெளியே வரும்போது ஒன்று, ஒன்று, பிறகு இரண்டு, மூன்று, ஐந்து, அப்புறம் நேராகக் கீழே. நடுவில் ஒரு இடத்தில் மூன்றுக்குப் பிறகு மறுபடி இரண்டு வந்துவிட்டால் போதும், ஒழுக்கு அங்கே முறிந்துபோகும். கல்லூரியில் பரவளையத்தின் சமன்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது கீழே போகப் போக ஏன் செங்குத்தாகிறது என்று விரலால் உணர்ந்தது இப்போதுதான்.

ஆறு சட்டகங்கள். கை உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிற்க வேண்டும். அதற்குத் தனிச் சட்டகம் வரையாமல், மற்றவை 100 மில்லிசெகண்ட் என்றால் அந்த ஒன்றை மட்டும் 300 ஆக்கினேன். அவர் ஆத்தினார். இரவு பதினொன்றரை மணி. நான் வரைந்த ஒருவர் ஓயாமல் ஆத்திக்கொண்டே இருந்தார். போய்ப் படுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என்ன போட்டேன், எப்படிப் போட்டேன் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். 32×48 என்பது போன் திரையில் மூக்குத்திக் கல் அளவுக்குத்தான் இருக்கும் என்பதால் ஏதோ ஒரு ஆப்பில் பெரிதாக்கினேன். அது போட்டோவைப் பெரிதாக்குவது மாதிரி பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கலந்து இழுத்துவிட்டது. அசையும் ஜிஃப்பை வாட்ஸ்அப் வீடியோவாக மாற்றி அமுக்கியது. மூன்று வாரம் கட்டம் கட்டமாக வைத்த விளிம்புகள் ஈரச் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி ஊறிப்போய் நின்றன. கீழே நான் எழுதியது: “சும்மா ட்ரை பண்ணேன், சிரிக்காதீங்க, இன்னும் கத்துக்கல, எப்படி இருக்கு?”

மூன்று ‘சூப்பர்’ வந்தது. ஒரு கட்டை விரல். “யாரு மச்சி இது, பைப்ப புடிச்சிட்டு நிக்கிறாரு?” என்று ஒருவன். இரண்டு நிமிடம் கழித்து டீமில் இன்னொருவன் ஒரு படம் போட்டான். ‘பிக்சல் ஆர்ட், டீக்கடை, மழை’ என்று ஏஐயிடம் கேட்டு வாங்கியது. கூடவே: “ப்ரோ, இதுக்கா இவ்ளோ நாள்?”

அந்தப் படம் அழகாக இருந்தது. மழை, ஈரத் தரையில் விளக்கு வெளிச்சம், தகரக் கூரை, எல்லாம். குழுவில் இதயங்கள் வந்து குவிந்தன. நான் அதைக் கணினிக்கு அனுப்பிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டங்கள் ஒரே அளவில் இல்லை. சில இடத்தில் ஒரு பிக்சல் ஒன்றரை பிக்சல் அகலம். நிறங்கள் 16 இல்லை, ஆயிரக்கணக்கில் இருந்தன. மாஸ்டரின் ஒரு கையில் கெட்டில், இன்னொரு கையில் காது வைத்த கோப்பை. அவர் ஆத்தவே இல்லை, ஊற்றிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் பட்டியல் போட்டு டைப் செய்துவிட்டு அனுப்பாமல் அழித்தேன். அவன் என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிக்சல் அளவு சரியில்லை என்று நான் வாதாடினால் தோற்றவனின் குரல்தான் கேட்கும் என்பதும் தெரியும். இரண்டு வாரம் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அந்த எக்செல் ஷீட்டைத் திறந்து, ஏழாவதாக ஒரு மென்பொருளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: என் படத்தை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை. குழுவுக்குப் போனது அதன் நனைந்த நகல். அதோடு போனது என் மன்னிப்புக் கடிதம். ‘சிரிக்காதீங்க’ என்று எழுதிவிட்டு ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால், நல்லவர்கள் ‘சூப்பர்’ என்று சொல்வதைத் தவிர வேறு என்ன செய்வார்கள்? நிரலைப் பரிசீலனைக்கு அனுப்பும்போது நான் யாரையும் ‘சும்மா எழுதினேன், திட்டாதீங்க’ என்று எழுத விடுவதில்லை. என்ன செய்ய முயன்றாய், எங்கே சந்தேகம், அதை எழுது என்பேன்.

பெரிதாக்குவதை முதலில் சரிசெய்தேன். ஒரு புள்ளியை எட்டுக்கு எட்டு, பத்துக்குப் பத்து என்று முழு எண்ணில் மட்டும் பெருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு, இரண்டே கால் மடங்கு என்று போனால் சில கட்டம் பெருத்து, சில கட்டம் சிறுத்துவிடும். நிறத்தைக் கலக்காமல் பக்கத்துப் புள்ளியையே நகலெடுக்கும் முறை பெரும்பாலான மென்பொருட்களில் உண்டு, நியரஸ்ட் நெய்பர் என்ற பெயரில். ஜேபெக் கூடாது. அது படத்தை எட்டுக்கு எட்டு துண்டுகளாக்கி, நுண்மாற்றங்களைத் தள்ளுபடி செய்துதான் அளவைக் குறைக்கிறது. கூர்மையான விளிம்பைச் சுற்றிக் கொசு மொய்த்தது மாதிரி ஆகும். பிஎன்ஜி, அல்லது ஜிஃப். வாட்ஸ்அப்பில் என்றால் டாக்குமென்ட் என்று சொல்லி அனுப்ப வேண்டும், அப்போது கை வைக்காது. எடிட்டரின் கட்டக் கோடுகளும் மெனுவும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் காட்டுவதும் வேண்டாம். அது எவ்வளவு உழைத்தேன் பார் என்று சொல்கிற படம். பின்னணிக்கு ஒரே சாதா நிறம், கூச்சமில்லாத நிறம். இவ்வளவும் ஒரு மணி நேர வேலை.

யாரிடம் காட்டுவது என்பது அதற்கு மேல். பிக்சல் தெரிந்தவரிடம் காட்டியிருந்தால் விளிம்பைப் பற்றிச் சொல்லியிருப்பார். எனக்கு டீ தெரிந்தவர் வேண்டியிருந்தது.

மதியம் மூன்று மணிக்குக் கடையில் கூட்டமிருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கி, போனில் ஓடவிட்டு நீட்டினேன். இது நீங்கள்தான் என்றோ, நான் வரைந்தது என்றோ சொல்லவில்லை.

“இது என்னண்ணே தெரியுது?”

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். இரண்டு சுற்று ஓடியது.

“டீ ஆத்துறான்.”

எனக்கு அதுவே போதும். ஆனால் அவர் போனைத் திருப்பித் தரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“புதுப் பையனா இவன்?”

“ஏண்ணே?”

“கிளாஸையே பாக்குறானே. எவன்டா கிளாஸைப் பாத்து ஆத்துவான்? அத கை பாத்துக்கும். நான் யாரு காசு குடுக்காம போறான்னு பாக்கணும், பாலு பொங்குதான்னு பாக்கணும்.”

அவர் சொன்னதும் நான் திரும்பி அவரைப் பார்த்தேன். தினம் இரண்டு தடவை, வருடக்கணக்காக, நான் பார்த்தது அந்தக் கைகளைத்தான். வீடியோவிலும் கைகள்தான். முகத்தை நானாக வைத்திருந்தேன். சிந்திவிடுமோ என்று பயப்படுகிறவன் எங்கே பார்ப்பானோ, அங்கே பார்க்க வைத்திருந்தேன்.

அவன் போட்ட படத்தையும் காட்டினேன், வேண்டுமென்றேதான். “அட, இது நல்லாருக்கே, சினிமா மாதிரி” என்றார். உண்மையாகவே ரசித்தார். உடனே தள்ளிவிட்டு மறுபடி என்னுடையதற்கு வந்து, “இதுல இவன் சட்டைக்குப் பொத்தான் போட்டிருக்கான் பாரு, அடுப்பு முன்னாடி எவன் பொத்தான் போடுவான்” என்றார்.

அந்த முகம் ஆறு பிக்சல் அகலம். கண் ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். இரண்டையும் ஒரு வரிசை மேலே நகர்த்தினேன், ஆறு சட்டகங்களிலும். மொத்தம் பன்னிரண்டு புள்ளிகள். சட்டை நடுவே ஐந்து புள்ளியை வெள்ளையிலிருந்து பழுப்பாக்கினேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஆள் மாறிவிட்டார். கை தன் பாட்டுக்கு மேலும் கீழும் போக, அவர் என்னைப் பார்த்தார்; எனக்குப் பின்னால் யாரோ காசு கொடுக்காமல் நழுவுவது மாதிரி இருந்தது.

மறுநாள் காட்டியபோது “ம்” என்றார். பிறகு, “எனக்கு அனுப்பு தம்பி, டிபியா வைக்கிறேன்.”

டிபி அசையாது என்பதால் கை உச்சியில் நிற்கும் சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தேன். பதினாறு மடங்கு, பிஎன்ஜி, டாக்குமென்ட்டாக. எல்லாம் முறைப்படி செய்தேன். அவர் வைத்த பிறகுதான் பார்த்தேன்: வாட்ஸ்அப் அதை வட்டமாக நறுக்கியிருந்தது. தூக்கிய கையும் மக்கும் மேலே போய்விட்டன, கிளாஸ் கீழே போய்விட்டது. பொத்தான் போடாத ஒருவர், நடுவே ஒரு வெளிர் கோடு ஓட, நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதமாக அதுதான் இருக்கிறது.

வட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறேன். 32×32. கையை எங்கே மடக்குவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.